மேற்கு பாத்த பெட்ரூம், நைட் ட்யூட்டி தூக்கம், பிடுங்கிட்டு வந்த ஸ்க்ரீன் ராட்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னைக்குத் தெக்கால புதுசா வளந்துட்டு வர்ற ஏரியால ஒரு அடுக்குமாடி, அதுல மூணாவது மாடி, ரெண்டு பெட்ரூம் வீடு. ஹால் பால்கனி கிழக்கு பாத்து இருக்கு, பெரிய பெட்ரூம் மேற்கு பாத்து இருக்கு. வீட்டுல அஞ்சு பேரு, கணவன், மனைவி, மூணு வயசுப் பையன், பையனோட தாத்தா பாட்டி. மனைவி ஒரு ஆஸ்பத்திரில நர்ஸ், மாசத்துல பாதி நாள் நைட் ட்யூட்டி, காலைல வீட்டுக்கு வந்து குளிச்சு சாப்பிட்டு ஒம்போதரை பத்து மணிக்குப் படுத்தா மதியம் மூணு மணி வரைக்குமாவது தூங்கணும், அந்தத் தூக்கம் கெட்டுச்சுன்னா அடுத்த ராத்திரி வார்டுல நிக்க முடியாது. தாத்தாவுக்கு அப்பதான் ஒரு கண்ணுல காட்ராக்ட் ஆபரேஷன் முடிஞ்சிருந்துச்சு, வெளிச்சம் நேரா பட்டா கூசுது, ஆனா பேப்பர் படிக்க வெளிச்சமும் வேணும்.

குடி வந்த புதுசுல, ஒரு பண்டிகை சேல்ல, ரெண்டு ரூமுக்கும் ஒரே மெரூன் கலர் பாலியெஸ்டர் ஸ்க்ரீன் வாங்கிட்டாங்க. கூடவே ஹால் பால்கனி கதவுக்கு செயின் இழுத்து ஏத்தி இறக்குற ஒரு ரோலர் பிளைண்ட். ராட் மாட்ட ஒரு ஆள் வந்து செவுத்துல ஓட்டை போட்டு, அதுல சாதா பிளாஸ்டிக் பிளக் சொருகி ஸ்க்ரூ முடுக்கிட்டுப் போயிருக்காரு. துணி வாங்கறதுக்கு முன்னாடி யாரும் ஜன்னலை அளக்கல, வெயில் எங்கேருந்து எப்ப வருதுன்னு பாக்கல, செவுரு எதுல கட்டினதுன்னு கேக்கல. பெரும்பாலான வீட்டுல இப்படித்தான் நடக்குது, முதல்ல கலர், அப்புறம் விலை, மத்ததெல்லாம் மாட்டற அன்னைக்குப் பாத்துக்கலாம்னு.

என்ன நடந்துச்சு

சித்திரை மாசம், கத்திரி தொடங்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, பையன் பெட்ரூம் ஸ்க்ரீனைப் பிடிச்சுத் தொங்கியிருக்கான். ராட்டைத் தாங்குற ஒரு பக்க பிராக்கெட் பிளக்கோட அப்படியே பிடுங்கிக்கிட்டு வந்து ராட் ஒரு முனை கீழ சரிஞ்சிருச்சு. பாட்டி பக்கத்துல இருந்ததால பையனைத் தூக்கிட்டாங்க, அவன் தலைல படல. ஸ்டீல் ராட்டோட முனை கட்டில் சட்டத்துல பட்டு ஒரு பள்ளம் விழுந்திருந்துச்சு, அதைப் பாத்தப்பதான் எல்லாருக்குமே பயம் வந்துருக்கு.

நான் ஜன்னல் அளவெடுத்து துணி தைக்க வச்சு மாட்டிக் குடுக்குற வேலை பண்றேன். அவங்க என்னைக் கூப்பிட்டது ராட்டைத் திரும்ப மாட்டத்தான். ஆனா போய் உக்காந்து பேசினப்போ ராட் விழுந்தது அந்த வீட்டோட பிரச்சனைல ஒரு மூலைதான்னு தெரிஞ்சுது. அந்த அம்மா பகல்ல தூங்கியே பல நாள் ஆகுது, நாலு மணிக்கு மேல ரூம் அனலடிக்குது, ஏசி போட்டாலும் ஓடிக்கிட்டே இருக்குது, கட் ஆகமாட்டேங்குது. ஹால்ல பிளைண்டை முழுசா இறக்கினா இருட்டு, ஏத்தினா காலை வெயில் தாத்தா கண்ணுல. "தம்பி, விடிஞ்சு எட்டு மணிக்கு டியூப்லைட் போட்டுக்கிட்டா பேப்பர் படிக்கிறது?"ன்னு அவர் கேட்டாரு. அதனால அன்னைக்கே எதையும் மாட்டாம, வெயில் ஏறினதுலேருந்து சாயற வரைக்கும் வீட்டை ஒரு தடவை பாத்துட்டு முடிவெடுக்கலாம்னு சொன்னேன், அவங்களும் சரின்னாங்க.

பாத்ததுல தெரிஞ்சது

முதல்ல செவுரு. பிளக் பிடுங்கின இடத்துல எட்டு எம்எம் ஓட்டை கட்டைவிரல் போற அளவுக்கு அகண்டு போயிருந்துச்சு. மேல பூச்சு மட்டும் சாம்பல் கலர், அதுக்கு உள்ள விரலை விட்டு எடுத்தா முகத்துக்குப் போடுற பவுடர் மாதிரி வெள்ளையா நைசா ஒட்டிக்கிட்டு வருது. செங்கல்லா இருந்தா செவப்புத் தூள் வரும், கான்கிரீட்டா இருந்தா இப்படி விரலால சொரண்டவே முடியாது. இது ஏஏசி பிளாக், உள்ள பூரா காத்துக் குமிழி வச்சு செய்யற லேசான கல். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 2400 கிலோ இருக்கும், இந்தக் கல் 550லேருந்து 650 கிலோதான். புது அடுக்குமாடில இப்ப இதுதான் நிறைய போடுறாங்க, வீட்டுக்குக் கெடுதல் ஒண்ணுமில்ல, ஆனா சாதா பிளக் இதுல பிடிக்காது. பிளக் விரிஞ்சு செவுத்தை அழுத்தித்தான் பிடிப்பு வரணும், இங்க அழுத்தினா கல்லு நொறுங்கி இடம் விட்டுக் குடுத்துரும். அதுலயும் டிரில்லை ஹேமர்ல வச்சு ஓட்டியிருக்காங்க, தட்டித் தட்டியே ஓட்டை பெருசாயிருச்சு.

அடுத்தது வெயில். ஜன்னலுக்கு மேல சன்ஷேட் இருக்கு, ஆனா ஒரு மணிக்கு மேல சூரியன் மேற்கால சாயச் சாய சன்ஷேடுக்குக் கீழ பூந்து நேரா உள்ள வருது, மேற்கு ஜன்னலுக்கு சன்ஷேட் அவ்வளவுதான் உதவும். இன்னொண்ணு, சென்னைல ஏப்ரல் கடைசி வாரத்துல சூரியன் மதியத்துல நேரா உச்சந்தலைக்கு வந்துட்டு அதுக்கப்புறம் வடக்கால தள்ளிப் போகும், திரும்ப ஆகஸ்ட் நடுவுலதான் உச்சிக்கு வரும். அந்த மாசங்கள்ல சூரியன் வடமேற்குல சாயறதால வெயில் இந்த ஜன்னலுக்கு வலது பக்கத்துலேருந்து சாய்வா வந்து, ஸ்க்ரீனுக்கும் செவுத்துக்கும் நடுவுல இருக்குற இடது பக்க இடுக்கு வழியா உள்ள விழுது. கட்டில் தலைமாடு அந்தப் பக்கம்தான். தூங்குறவங்க முகத்துல ரெண்டு மணிக்கு ஒரு கோடு வெளிச்சம் விழுந்தா எப்படித் தூக்கம் வரும்.

மெரூன் ஸ்க்ரீன் விஷயத்துக்கு வர்றேன். நாலு மணிக்கு துணிக்குப் பின்னாடி கையை விட்டுப் பாத்தேன், கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவுல கையை வச்சிருக்க முடியல, துணியே சுடுது. அடர்ந்த கலர் வெயிலை வாங்கி வச்சுக்கிட்டு தானே சூடாகி அந்தச் சூட்டை மெல்ல ரூமுக்குள்ள விடுது. கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்த வெயில் ஒருதடவை சூடா மாறிருச்சுன்னா பெரும்பகுதி திரும்ப வெளிய போகாது, ஸ்க்ரீன் எவ்வளவு தடியா இருந்தாலும் அது கண்ணாடிக்கு உள்பக்கம்தானே இருக்கு. நிறைய பேரு தடி ஸ்க்ரீன் போட்டா ரூம் குளுந்துரும்னு நெனச்சு காசைக் கொட்டுறாங்க, எனக்கு இதைப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கும், அதனாலதான் இதை இவ்வளவு நீட்டி எழுதறேன்.

காத்தும் கவனிக்க வேண்டியிருந்துச்சு. மதியத்துக்கு மேல கடல் காத்து கிழக்கால இருந்து ஹால் வழியா வந்து மேற்கு ஜன்னல் வழியாதான் வெளிய போகுது. கதவைத் திறந்ததும் ஸ்க்ரீன் ரூமுக்குள்ள பறக்கறதுக்குப் பதிலா ஜன்னல் பக்கம் இழுத்துக்கிட்டு கொசுவலைல போய் பச்சுன்னு ஒட்டிக்கிச்சு. காத்து வெளிய போற வழியை ஸ்க்ரீன் அடைச்சிருது, அப்புறம் கிழக்குலேருந்து காத்து வந்து என்ன பிரயோஜனம்.

நீளம் வேற இடிச்சுது. ரெடிமேட் ஸ்க்ரீன் நம்ம ஊர்ல 5 அடி, 7 அடி, 9 அடின்னுதான் கிடைக்கும். இங்க 7 அடி தொங்கிச்சு, தரைக்கு மேல கிட்டத்தட்ட நாலு இஞ்சு இடைவெளி, அது வழியாவும் வெளிச்சம். 9 அடி வாங்கினா தரைல புரளும், தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்கிற வீட்டுல ஓரம் நனைஞ்சு கருத்துரும்.

ஹால் பிளைண்டோட செயின் ஒரு வளையமா தரைலேருந்து ரெண்டடி உயரம் வரைக்கும் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. மூணு வயசுக் குழந்தை கழுத்து மாட்டுற உயரம் அது. ராட் விழுந்ததை விட இது ஆபத்து. பிளைண்ட் கயிறு குழந்தை கழுத்துல சுத்திக்கிட்டு உயிர் போனது பல நாட்டுல நடந்திருக்கு, அதனாலதான் அமெரிக்காவுல 2018 டிசம்பர்லேருந்து ரெடிமேடா விக்கிற பிளைண்டுல கயிறே இருக்கக்கூடாது, இல்லன்னா குழந்தைக்கு எட்டாத மாதிரியோ ரொம்பக் குட்டையாவோ இருக்கணும்னு தரவிதி போட்டாங்க. இதை அந்த வீட்டுல சொன்ன உடனே பையனோட அப்பா ஸ்டூல் போட்டு ஏறி செயினைச் சுருட்டி மேல கட்டிட்டாரு.

எடுத்த முடிவுகளும் காரணமும்

வேலையை ரெண்டாப் பிரிச்சோம். சூட்டைத் தடுக்குறது கண்ணாடிக்கு வெளியில நடக்கணும், இருட்டாக்குறது உள்ள நடக்கணும். ஒரே துணிகிட்ட ரெண்டையும் கேக்கக்கூடாது.

வெளியில என்ன பண்ணலாம்னு பாத்தப்போ மூங்கில் தட்டி போடலாம்னு பாட்டி சொன்னாங்க, அவங்க ஊரு வீட்டுத் திண்ணைல அதுதான் இருந்துச்சாம். நல்ல யோசனைதான், ஆனா மூணாவது மாடில, புயல் காத்து அடிக்கிற ஊருல, வெளிய தொங்குற தட்டி பிச்சுக்கிட்டுப் போனா கீழ போறவங்க மேல விழும். இந்த ஜன்னல்ல ஸ்லைடிங் கதவுக்கு வெளிப்பக்கம் கம்பி கிரில் இருந்துச்சு, அதனால மாடித்தோட்டத்துக்குப் போடுற 50 சதவீத நிழல் வலையை கிரில்லோட உள்பக்கமா இழுத்து கேபிள் டை போட்டுக் கட்டிரலாம், ஒரு கதவைத் தள்ளி ஒரு பாதி, அப்புறம் மறுபாதி, யாரும் வெளிய தொங்க வேண்டியதில்ல. காத்தும் போகும். ஆனா வெளித்தோற்றம் மாறுதுன்னு அசோசியேஷன்ல அனுமதி கேக்கணும், அது உடனே கிடைக்கல. அதனால உள் வேலையை முதல்ல எடுத்தோம்.

ராட்டை எங்க மாட்டறதுன்னு ரொம்ப யோசிச்சோம். ஜன்னல் 6 அடி அகலம், மேல் விளிம்பு 7 அடில இருக்கு. அதுக்கு மேல லிண்டல், அதாவது ஜன்னலுக்கு மேல குறுக்கா போடுற கான்கிரீட் உத்தரம், அது ஜன்னலைத் தாண்டி ரெண்டு பக்கமும் அரை அடி போலதான் செவுத்துக்குள்ள போய் உக்காந்திருக்கும், அதுக்கப்புறம் திரும்ப ஏஏசி கல்தான். வழக்கமா வெளிச்சம் கசியாம இருக்க பிராக்கெட்டை ஜன்னலை விட்டு எட்டு இஞ்சு தள்ளி வைப்பாங்க, இங்க அப்படி வச்சா சரியா பொடி கல்லுல போய் விழும். பழைய பிராக்கெட் விழுந்ததும் அந்த இடத்துலதான். அதனால பிராக்கெட்டை ஜன்னல் ஓரத்துலேருந்து மூணு இஞ்சுல, 7 அடி 4 இஞ்சு உயரத்துல, கான்கிரீட்டுக்குள்ள வச்சு, ராட்டை மட்டும் பிராக்கெட்டைத் தாண்டி அஞ்சு இஞ்சு நீட்டி விட்டோம். ராட் மொத்தம் 88 இஞ்சு. இவ்வளவு நீளத்துக்கு நடுவுல ஒரு பிராக்கெட் கட்டாயம் வேணும், இல்லன்னா கொஞ்ச நாள்ல ராட் தொய்ஞ்சிரும். ஸ்க்ரீன் ரெண்டு பாதியா நடுவுல வந்து சேர்றதால நடு பிராக்கெட் ஐலெட்டுக்கு, அதாவது ராட் நுழையறதுக்குத் துணில வைக்குற வளையத்துக்கு, இடைஞ்சல் இல்ல.

துணி. கரூர் பக்கம் வீட்டு உபயோகத் துணிக்குப் பேர் போனது, அங்க நெசஞ்ச தடி காட்டன்ல மணல் கலர் ஒண்ணு எடுத்தோம், அகலம் 48 இஞ்சு. 88 இஞ்சு ராட்டுக்கு சுருக்கம் நல்லா விழணும்னா ரெண்டு மடங்கு, அதாவது 176 இஞ்சு துணி வேணும், நாலு அகலம் சேத்தாதான் வரும், பக்கத்துக்கு ரெண்டு. காட்டன் தண்ணில போட்டா நூத்துக்கு மூணுலேருந்து அஞ்சு வரைக்கும் சுருங்கும், ஏழடிக்கு மேல இருக்குற துணில அது மூணு நாலு இஞ்சு. அதனால கீழ மேல மடிப்பெல்லாம் சேத்து ஒரு அகலத்துக்கு 106 இஞ்சு கணக்கு பண்ணி 11 மீட்டர் வாங்கி, முழுத்துணியையும் ராத்திரி பூரா தண்ணில ஊறப்போட்டு, மாடில காயவச்சு, அதுக்கப்புறம்தான் டெய்லர்கிட்ட குடுத்தோம். டெய்லர் அண்ணன் முதல்ல "எதுக்கு சார் இந்த வேலை, யாரும் பண்றதில்ல"ன்னாரு. காஞ்ச துணியை அளந்து காட்டினதும் ஒத்துக்கிட்டாரு.

இருட்டுக்கு லைனிங், அதாவது ஸ்க்ரீனுக்குப் பின்பக்கம் சேத்துத் தைக்கிற துணி. வெளிச்சத்தை அடைக்குற பிளாக்அவுட் துணி ரெண்டு வகைல வரும், ஒண்ணு பின்னாடி ரப்பர் மாதிரி பூச்சு அடிச்சது, இன்னொண்ணு நடுவுல கறுப்பு நூல் வச்சு நெருக்கமா நெசஞ்சது. பூச்சு அடிச்சது முழு இருட்டு குடுக்கும், ஆனா மெஷின்ல துவைச்சு, வெயில்ல சூடாகி, கொஞ்சம் வருஷத்துல வெடிச்சு உதிர ஆரம்பிக்கும். நர்ஸ் வீடு, அவங்களுக்கு ஸ்க்ரீனை அடிக்கடி துவைச்சாகணும், அதுல அவங்க கண்டிப்பா இருந்தாங்க. அதனால நெசஞ்ச வகை, வெளிப்பக்கம் க்ரீம் கலர் தெரியற மாதிரி. வெளிர் கலர் கண்ணாடியைப் பாத்து இருந்தா வெயில்ல ஒரு பங்காவது வந்த வழியே திரும்பிப் போகும். லைனிங்கை மேலயும் பக்கவாட்டுலயும் மட்டும் சேத்துத் தச்சு, கீழ தனியா விட்டோம், காட்டன் இன்னும் கொஞ்சம் சுருங்கினாலும் அடியில கோணிக்காது. ஐலெட் ஒரு பாதிக்கு 14. இது எப்பவும் ரெட்டைப்படைல இருக்கணும், அப்பதான் ரெண்டு ஓரமும் செவுத்துப் பக்கம் திரும்பி நிக்கும், ஒத்தைப்படை ஆயிருச்சுன்னா ஒரு ஓரம் ரூமுக்குள்ள எட்டிப் பாத்துக்கிட்டே இருக்கும். இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் வெல்க்ரோ வச்சு செவுத்தோட ஒட்டற மாதிரி பண்ணிட்டோம்.

ஹாலுக்கு இதெல்லாம் தேவையில்ல. செயின் பிளைண்டைக் கழட்டிட்டு, சீலிங்ல எம் டிராக்னு சொல்ற, ஸ்க்ரீன் ஓடுற தண்டவாளம் ரெண்டு வரிசை, ஒண்ணுல மெல்லிசு வெள்ளை காட்டன், இன்னொண்ணுல லைனிங் இல்லாத சாதா ஸ்க்ரீன். சீலிங் கான்கிரீட் ஸ்லாப்ங்கறதால பிளக் நல்லாவே பிடிக்கும், ஒரே கவலை ஸ்லாப்புக்குள்ள கரண்ட் பைப் போகும், அதனால லைட் பாயின்ட்லேருந்து ஸ்விட்ச் போர்டு வரைக்கும் எந்த வழியா போகுதுன்னு எலக்ட்ரிஷியனை வச்சுப் பாத்துட்டுதான் ஓட்டை போட்டோம்.

மாட்டின அன்னைக்கு

லிண்டல்ல முதல் ஓட்டை போடும்போது பூச்சைத் தாண்டினதும் டிரில் இறுகிச்சு, சாம்பல் தூள் வந்துச்சு, கான்கிரீட்தான்னு உறுதியாச்சு. வலது பக்கம் ஒரு ஓட்டைல மட்டும் பூச்சு கனமா இருந்ததால நீள ஸ்க்ரூ மாத்த வேண்டியிருந்துச்சு. பிராக்கெட் மூணும் முடுக்கின அப்புறம் வெறும் ராட்டை மாட்டி, ரெண்டு கையாலயும் பிடிச்சு உடம்பு கனத்துல ஒரு பங்கை அதுமேல விட்டுப் பாத்தோம். ஸ்க்ரீன் துணி, லைனிங் எல்லாம் சேந்தாலும் அஞ்சு கிலோ கிட்டதான் வரும், அந்தக் கனத்தை எந்த பிராக்கெட்டும் தாங்கிரும், குழந்தை பிடிச்சு வெடுக்குன்னு இழுக்குற இழுப்புக்குத்தான் இந்த சோதனை. ஸ்க்ரீன் தரைக்கு ஒரு இஞ்சு மேல நின்னுச்சு, மாப் போட இடம் இருக்கு.

அதுக்கப்புறம்

ஹால் விஷயம் மறுநாளே சரியாயிருச்சு. மெல்லிசு துணியை மட்டும் இழுத்து விட்டா வெயில் பாலா வடிகட்டி வருது, தாத்தா அதே நாற்காலில லைட் போடாம படிக்கிறாரு.

பெட்ரூம் அவ்வளவு சுலபமா முடியல. பக்கவாட்டுக் கோடு வெளிச்சம் நின்னுருச்சு, தரை இடைவெளி போச்சு, ஆனா படுத்துப் பாத்தா ராட்டுக்கு மேல ஐலெட் இடுக்கு வழியா சீலிங்ல ஒரு பட்டை வெளிச்சம் தெரியுதுன்னு அந்த அம்மா சொன்னாங்க. பழைய வீடுகள்ல ஜன்னல் மேல பெல்மெட்னு ஒரு மரப்பெட்டி இருக்கும், அழகுக்குன்னு நெனச்சு இப்ப எல்லாரும் விட்டுட்டாங்க, உண்மைல அது இந்த வெளிச்சத்தையும் அடைக்கும். கார்பென்டரை வச்சு பிளைவுட்ல சாதாரணமா ஒண்ணு அடிச்சு லிண்டல்லயே மாட்டி, செவுத்துக்கு இருக்குற வெள்ளை பெயின்ட்டையே அடிச்சுட்டோம். அதுக்கப்புறம் மதியம் ரெண்டு மணிக்கு அந்த ரூம்ல கையைத் தடவித்தான் ஸ்விட்ச் தேடணும்.

சூடு மட்டும் கொஞ்சம்தான் குறைஞ்சுது. ஸ்க்ரீனுக்குப் பின்னாடி கையை விட்டா முன்ன மாதிரி துணி சுடல, ஆனா கண்ணாடி சுட்டுக்கிட்டுதான் இருந்துச்சு. கத்திரி பாதி போனப்போ அசோசியேஷன் அனுமதி வந்துச்சு, பின்பக்கம், காலி மனை பாத்த பக்கம்ங்கறதால ஒத்துக்கிட்டாங்க, வெள்ளை வலைதான் போடணும்னு ஒரு நிபந்தனை. வலை கட்டின அன்னைக்கு சாயங்காலமே ஏசி கட் ஆகி கட் ஆகி ஓட ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி பண்ணின மொத்த துணி வேலையும் குடுக்காத குளுமையை, சொற்ப விலைக்குக் கிடைக்கிற வலை குடுத்துச்சு.

வெயில் தாழ்ந்ததும் ஆறரை மணிக்கு மேல ஸ்க்ரீனை ரெண்டு பக்கமும் முழுசா ஒதுக்கி, ஹால் கதவையும் திறந்து விடச் சொல்லியிருந்தேன், அதை பாட்டி தவறாம செய்யறாங்க. பையன் இப்பவும் ஸ்க்ரீனுக்குப் பின்னாடி ஒளிஞ்சு விளையாடறான், இழுக்கறான், பிராக்கெட் அசையல. ஐப்பசி மழைல ஜன்னல் மேற்கு பாத்து இருக்கறதால சாரல் பெருசா வரல, ஆனா ஈரக்காத்துல லைனிங் அடி ஓரத்துல ஒரு வாடை வந்துச்சு, ஒரு தடவை கழட்டித் துவைச்சு வெயில்ல போட்டதும் போயிருச்சு. அந்தத் துவைப்புல நீளம் அரை இஞ்சு கூட குறையல.

அடுத்த வீட்டுல மாத்திச் செய்யறது

வேலை வரிசை மாறுது. மேற்கு ஜன்னல்னு தெரிஞ்ச உடனே, துணி கடைக்குப் போறதுக்கு முன்னாடியே, வெளி நிழலுக்கு அனுமதி கேட்டு லெட்டர் குடுக்கச் சொல்றேன், ஏன்னா தாமதமாகறது அதுதான். வெளில வலை கட்டின அப்புறம் மிச்சம் எவ்வளவு வெளிச்சம் வருதுன்னு பாத்துட்டு லைனிங் எடுத்தா சில ரூமுக்கு பிளாக்அவுட்டே தேவைப்படாது, அந்தக் காசும் மிச்சம். பகல்ல தூங்குறவங்க இருக்குற ரூமா இருந்தா பெல்மெட்டை முதல்லயே கணக்குல சேத்துரலாம், ராட் உயரமும் அதுக்கேத்த மாதிரி முடிவாகும்.

ஏஏசி செவுத்துல லிண்டல் கிடைக்காத இடமும் வரும், உதாரணமா ரூம் நடுவுல தடுப்பு ஸ்க்ரீன். அங்க அந்தக் கல்லுக்குன்னே வர்ற நீள நைலான் ஆங்கர் வாங்கி, டிரில்லை ஹேமர் இல்லாம சும்மா சுத்தவிட்டு ஓட்டை போடணும், ஓட்டை அளவு ஆங்கர் பாக்கெட்ல போட்டிருக்குறதை விட ஒரு எம்எம் கூட பெருசாகக்கூடாது. வாடகை வீடா இருந்தா ஓட்டை போடறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட ஒரு வார்த்தை. அப்புறம், குழந்தை இருக்குற வீட்டுக்குள்ள போனா நான் டேப்பை எடுக்கறதுக்கு முன்னாடி பாக்குறது தொங்குற செயினும் கயிறும்தான், அளவெல்லாம் அப்புறம்.

இந்த வீட்டுல இன்னும் சின்ன பெட்ரூம் பாக்கி இருக்கு, வடக்கு பாத்த ஜன்னல், கோடைல காலைலயும் சாயங்காலமும் சாய்வெயில் வரும். அதுக்கு வலை வேணுமா வெறும் ஸ்க்ரீன் போதுமான்னு அடுத்த கத்திரில பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு வச்சிருக்கோம்.